சாப்பிடச் சொல்லித்தர, சாப்பிட்டுப் பார்த்த ஆள் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய் என்றாலே பத்திரிகையில் பரிசோதனை முகாம் செய்தி வரும், இல்லாவிட்டால் புது மெஷின் திறப்பு விழா வரும். இரண்டும் வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் ஆபரேஷன் முடிந்து, தையல் பிரித்து, "எல்லாம் நல்லபடியா ஆச்சு, வீட்டுக்குப் போலாம்" என்று அனுப்பி வைக்கிறார்களே, அந்த ஆள் அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிடுவார், எப்படிப் படுப்பார், சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பார் என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வெட்டினால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசிப் பகுதியை மட்டும் விட்டுவிடாதீர்கள், கோரிக்கை அங்கேதான் இருக்கிறது.

என் வீட்டுக்காரர் பட்டு நெசவாளி. அம்மாப்பேட்டையில் குழித்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறவர். உணவுக்குழாயில் புற்றுநோய் என்று தெரிந்து, கீமோ, கரண்டு (கதிர்வீச்சு) எல்லாம் வைத்து, அப்புறம் ஆபரேஷனும் ஆயிற்று. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் பெரிய செலவு தலையில் விழவில்லை (வருஷத்துக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, அதை இந்த இடத்தில் நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்). வைத்தியத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் வீட்டு வாசல்படி ஏறிய பிறகுதான் ஆரம்பித்தது.

இந்த ஆபரேஷன் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உணவுக்குழாய் சுமார் 25 சென்டிமீட்டர் நீளம். அதில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையையே குழாய் போலத் தைத்து, நெஞ்சுக்குள் மேலே இழுத்து, மிச்சமிருக்கும் துண்டோடு கழுத்திலோ நெஞ்சிலோ சேர்த்துவிடுகிறார்கள். ஆக, சாப்பாடு தங்க முன்னே இருந்த இடம் இனி கிடையாது. கீழே போனது மேலே வராமல் பிடித்துக்கொண்டிருந்த வால்வும் போய்விட்டது. குனிந்தால் வரும், படுத்தால் வரும், சில நாள் நடு ராத்திரியில் கசப்பாகப் பச்சை நிறத்தில் தண்ணீர் தொண்டைக்கு வந்து, மூச்சு அடைத்து எழுந்து உட்கார்ந்துகொள்வார். இப்படிப்பட்ட ஆளுக்குக் கொடுத்தனுப்பிய தாளில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? "மென்மையான உணவு, சிறிது சிறிதாக, அடிக்கடி." அவ்வளவுதான். சிறிது என்றால் எவ்வளவு, அரை டம்ளரா, ஒரு கரண்டியா? அடிக்கடி என்றால் ராத்திரியிலும் எழுப்பிக் கொடுப்பதா? மென்மை என்றால் இட்லி மென்மைதானே, அது ஏன் நெஞ்சிலேயே நிற்கிறது? டாக்டர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு வெளியே இன்னும் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். இட்லிக் கதையெல்லாம் அவரிடம் விரிவாகப் பேச முடியாது.

எங்களுக்கு இதெல்லாம் தெரியவந்தது எண்டாஸ்கோபி அறைக்கு வெளியே கிடந்த ஒரு பெஞ்சில். ஆபரேஷனில் இரண்டையும் சேர்த்துத் தைத்த இடம் தழும்பு விழுந்து சுருங்கிவிடுவது இந்த நோயாளிகளில் பலருக்கு வரும், அப்போது குழாய் விட்டு அந்த இடத்தை விரித்துவிடுவார்கள். டைலேஷன் என்பார்கள், ஒரு தடவையோடு தீராது, திரும்பத் திரும்பப் போக வேண்டியிருக்கும். (என் வீட்டுக்காரர் இதற்குத் தன் தொழிலில் இருந்தே கணக்குச் சொல்வார்: அறுந்த இழையைப் பிணைத்தால் முடிச்சு கொஞ்சம் தடிப்பாகத்தான் நிற்கும், பண்ணையில், அதாவது தறியில் இழை கோத்திருக்கும் சீப்பில், மாட்டத்தான் செய்யும் என்று.) அன்றைக்குப் பக்கத்தில் ஏற்காட்டில் இருந்து வந்த ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். நாகலூர் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை. அவருக்கும் இதே ஆபரேஷன், எங்களுக்கு ஒரு வருஷம் முன்பே ஆனது. அந்தப் பெண்ணிடம் நான், ஆடிப்பெருக்கு அன்றைக்கு இவருக்குச் சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் குப்பென்று வேர்த்து, நெஞ்சு படபடவென்று அடித்து, வயிறு முறுக்கிக்கொண்டு ஓடியதே, ஹார்ட் அட்டாக்கோ என்று பயந்து போனோமே என்று சொல்லி முடிக்கவில்லை, "அக்கா, பாயசம் குடுத்தாங்களா?" என்றாள். என் வீட்டுக்காரருடைய அத்தை ஆசையாக ஒரு டம்ளர் பாயசம் கொடுத்திருந்தார். சரியாகச் சொல்கிறாளே என்று எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது.

இனிப்பு கொஞ்சம் அதிகமானால் அது இரைப்பையில் தங்காமல் ஒரேயடியாகச் சிறுகுடலில் போய் விழும், அதனால்தான் இந்தப் படபடப்பு. டம்பிங் என்று பெயராம், அப்புறம் டாக்டரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து, சர்க்கரை இறங்கி மயக்கம் வருவதும் இதோடு சேர்ந்த இன்னொரு வகை. பாயசம், சர்க்கரை தூக்கலான காப்பி, ஜூஸ் இதையெல்லாம் தள்ளி வைத்து, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி நேரம் விட்டுக் குடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. இதைத் தெரிந்துகொள்ள எங்களுக்கு ஒரு பெஞ்சும், மலையில் இருந்து இறங்கி வந்த ஒரு பெண்ணும் வேண்டியிருந்தது. அவர்களுக்கு டோக்கன் வேறு நாளில் விழுந்திருந்தால்?

அன்றைக்கு வாங்கிய போன் நம்பர்தான் ஆரம்பம். இன்றைக்கு ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்திருக்கிறோம். ஆத்தூர், ஓமலூர், கொண்டலாம்பட்டி, ஏற்காடு என்று பல பக்கம். சங்கம் கிங்கம் என்று பெயரெல்லாம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் தறிக்கூடத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவோம், அவ்வளவுதான். அதில் கிடைத்த விஷயங்களில் சிலதைச் சொல்கிறேன், உங்கள் வாசகர்களில் யாருக்காவது இன்றைக்கே வேண்டியிருக்கலாம்.

படுக்கை. தலைமாடு உயரமாக இருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும் நாங்கள் தலையணையை அடுக்கினோம். அடுக்கினால் இடுப்பில் மடிந்து வயிறு அமுங்கி இன்னும் அதிகமாக மேலே வந்தது. "கட்டிலோட தலைமாட்டுக் கால் ரெண்டுக்கும் அடியில செங்கல் வையுங்கண்ணே, முழுக் கட்டிலும் சாயட்டும்" என்று சொன்னது கொண்டலாம்பட்டித் தம்பி. பாயில் படுத்துப் பழகிய மனுஷன் கட்டிலுக்கு மாறவே அழுதார், அது வேறு. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் படுக்கக் கூடாது என்பதால் ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில் ஆறரை மணிக்கே முடிந்துவிடும்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் கருவி தருவார்கள். பார்த்தவுடன் ஊதத்தான் தோன்றும். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும், உறிஞ்சிப் பந்தை மேலே நிறுத்த வேண்டும். எங்களில் இரண்டு பேர் வீட்டுக்கு வந்த பிறகும் ஊதிக்கொண்டுதான் இருந்தார்கள்.

சாப்பாட்டைப் பற்றி நான் ஒரு தனிக் கடிதமே எழுதலாம். ஒரு நாளைக்கு ஆறு தடவை, எட்டு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னக் கிண்ணம். இட்லியை அப்படியே கொடுத்தால் நிற்கும், சாம்பாரிலோ தயிரிலோ ஊறவைத்து மசித்துக் கொடுத்தால் இறங்கும். பரோட்டா, பிரெட், கோழித் துண்டு, இதெல்லாம் ஆரம்பத்தில் வேண்டவே வேண்டாம். வெறும் ஜவ்வரிசிக் கஞ்சியிலேயே ஆளைத் தேற்றிவிடலாம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சேலத்துக்காரி ஜவ்வரிசியைக் குறை சொன்னால் ஊர் கோபித்துக்கொள்ளும், ஆனாலும் சொல்கிறேன், அதில் இருப்பது மாவுச்சத்துதான். ஆளுக்கு எடை குறையாமல் இருக்க வேண்டுமானால் பயத்தம்பருப்பு, முட்டை, பால் என்று புரதம் உள்ளே போக வேண்டும். நான் கஞ்சியில் பயத்தம்பருப்பை வேகவைத்து மிக்சியில் அடித்துச் சேர்க்கிறேன். வயிற்றில் குழாய் வைத்திருப்பவர்களுக்கு அதையே இரண்டு முறை வடிகட்ட வேண்டும், கொடுப்பதற்கு முன்னும் பின்னும் வெறும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். ஒரு நாள் சோம்பேறித்தனப்பட்டால் அடைத்துக்கொள்ளும், அப்புறம் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான்.

கல்யாண வீடு இன்னொரு சங்கடம். நம் ஊர்ப் பந்தியில் இலையில் மிச்சம் வைத்தால் பரிமாறுகிறவருக்கும் கோபம், கல்யாண வீட்டாருக்கும் வருத்தம். இரண்டு வாய்க்கு மேல் இறங்காது என்று பந்தியில் உட்கார்ந்துகொண்டு விளக்கம் சொல்ல முடியுமா? எங்களில் ஒருவர் கடைசிப் பந்திக்குப் போய், இலை போடும் முன்பே சமையல்காரரிடம் ரசம் சாதம் மட்டும் குழைவாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறார். என் வீட்டுக்காரர் மொய் எழுதிவிட்டு வந்துவிடுகிறார். எது சரி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் இப்படி ஒரு தொல்லை இன்னொருவருக்கும் இருக்கிறது என்று தெரிந்த நாளில் இருந்து அவர் கல்யாணத்துக்குப் போகவாவது ஆரம்பித்தார்.

தறிக்கு வருகிறேன். குழித்தறியில் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்து, துணி மேல் கவிழ்ந்துதான் நெய்ய வேண்டும். சாப்பிட்ட கையோடு உட்கார்ந்தால் எல்லாம் மேலே வரும். இனிமேல் தறி இல்லை என்று அவரே முடிவு கட்டிவிட்டார். காப்பித் தோட்டத்துக்காரர்தான், தானும் குனிந்து பழம் பறிக்க முடியாமல் இருந்தவர், "காலைல வெறும் வயித்துல செய்யறதைச் செஞ்சிடுங்கண்ணே, சாப்பிட்ட பின்னாடி நிமிந்து செய்யற வேலையாப் பாத்துக்குங்க" என்றார். இப்போது விடிந்ததும் கொஞ்ச நேரம் தறி, மற்ற நேரம் தார் சுற்றுவது (நாடாவில் போடும் ஊடு நூலைச் சுற்றி வைப்பது). பழைய வருமானத்தில் பாதிகூட இல்லை. ஆனாலும் தறிச் சத்தம் கேட்கிறது, எனக்கு அது போதும்.

இதில் இன்னொரு பெரிய இடைஞ்சல் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் நோயாளியிடமே நோயைச் சொல்வதில்லை. "அல்சர்", "நெஞ்சுல புண்ணு" என்று சொல்லியே கீமோ வரைக்கும் கூட்டிப்போகிறார்கள். தெரிந்தால் மனசு விட்டுவிடுவார் என்று பயம், புரிகிறது. ஆனால் சொல்லாத வீட்டுக்கு யார் போய் என்ன பேசுவது? ஓமலூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு எங்களைக் கூப்பிட்டுவிட்டு, "அப்பாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க" என்று வாசலிலேயே மகன் கையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே போனால் அந்தப் பெரியவர் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வியே, "உங்களுக்கும் கேன்சர்தானே?" என்பதுதான். அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, பேசத்தான் ஆள் இல்லாமல் இருந்திருக்கிறார்.

அப்புறம் காரணம் தேடுகிற கூட்டம். புகையிலை, பீடி, சாராயம், பாக்கு இதெல்லாம் இந்த நோய்க்குக் காரணம் என்பது உண்மைதான். பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லேயே சொல்லிவிட்டது. வாழப்பாடி, பெத்தநாயக்கன்பாளையம் என்று தோப்புத் தோப்பாகப் பாக்கு விளைகிற மாவட்டத்தில் இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது. 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதும் ஆகாது என்று 2016ல் அதே அமைப்பு எச்சரித்திருக்கிறது. பழக்கம் இருப்பவர்கள் இன்றைக்கே விடட்டும். ஆனால் படுத்திருக்கிற ஆளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு "தண்ணி போடுவாரா?" என்று கேட்பது என்ன நியாயம்? எங்களில் ஆத்தூர் அம்மா ஒருவர், வெற்றிலைகூட வாயில் வைத்ததில்லை. அவரைக் கேட்காத ஆள் இல்லை. சிலர் டம்ளரைத் தனியாக வைத்தார்களாம். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று எத்தனை தடவைதான் சொல்வது?

இப்படிக் கூடிப் பேசுவதில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பொடி டப்பாவோடு வந்துவிட்டார், மூன்று மாதத்தில் கட்டி கரையும் என்று. திருப்பி அனுப்பினோம். மருந்து, மாத்திரை, கீமோவை நிறுத்தலாமா என்கிற பேச்சு எதுவும் திண்ணையில் கூடாது, அதெல்லாம் டாக்டரிடம் என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டோம். ஒருவர் ஸ்கேன் ரிப்போர்ட்டை இன்னொருவர் ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்ப்பதும் கூடாது. சிலருக்கு ஆபரேஷனே செய்ய முடியாமல், தண்ணீராவது இறங்கட்டும் என்று உள்ளே ஸ்டென்ட் (அடைப்பை விரித்துப் பிடிக்கும் சின்னக் குழாய்) மட்டும் வைத்திருப்பார்கள். அவர்களும் எங்களோடு உட்காருகிறார்கள், அவர்களிடம் போய் "தைரியமா இருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று யாரும் சொல்வதில்லை. இந்த வருஷம் அப்படி ஒருவரை இழந்தோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருந்தபோது, அவர் மனைவியே பதினோராம் நாள் காரியம் முடிந்து வந்து உட்கார்ந்தார். குழாய்க்குக் கஞ்சி வடிகட்டுவதைப் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு இப்போது அவர்தான் சொல்லித் தருகிறார். இதையெல்லாம் சமாளிக்கப் படித்த ஆள் ஒருவர் கூட இருந்தால் நல்லது. எங்களுக்கு அந்தப் பயிற்சி கிடையாது.

நர்சிங் படிக்கிற என் மகள் சொல்கிறாள், வெளிநாட்டில் இதெல்லாம் பழைய கதையாம். அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய் வந்து தேறிய டெரீஸ் லாசர் என்கிற பெண் 1952ல் இருந்தே, புதிதாக ஆபரேஷன் ஆன பெண்களை ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்த்துப் பேசியிருக்கிறார். இங்கிலாந்தில் உணவுக்குழாய் நோயாளிகளுக்கென்றே 1985ல் சங்கம் தொடங்கியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு 1989ல் நமக்குப் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தானே ஆரம்பித்தது? வட்டமாக உட்கார்ந்து கஷ்டத்தைப் பேசி வழி கண்டுபிடிப்பதை நம் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

இனிக் கோரிக்கை. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாதம் ஒரு நாள், உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்க்காரர்களும் அவர்கள் வீட்டாரும் உட்கார்ந்து பேச ஒரு அறை ஒதுக்கித் தர வேண்டும். மனநல ஆலோசகர் ஒருவரும், உணவு ஆலோசகர் ஒருவரும் கூட இருந்தால் போதும். ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்ட ஒவ்வொருவரையும், அவருக்குச் சம்மதம் இருந்தால், ஒரு வருஷம் முன்னால் அதைத் தாண்டிய ஒருவரோடு அரை மணி நேரம் பேச வையுங்கள். வார்டுக்கு வந்து பேச நாங்கள் தயார், காசு வேண்டாம். பெண் நோயாளிக்குப் பெண், சமைக்கிறவர்களுக்குச் சமைக்கிற ஆள். 2021 ஆகஸ்டில் இருந்து மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாக வருகிறார்களே, வலி நிவாரணப் பராமரிப்பும் பார்க்கிறார்களே, அந்தப் பணியாளர்களுக்கு எந்தத் தெருவில் யார் குழாயோடு படுத்திருக்கிறார் என்பது எங்களைவிட நன்றாகத் தெரியும். அவர்கள் மூலம் சொல்லிவிட்டாலே ஆட்கள் வந்துவிடுவார்கள். சென்னைக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்களுக்கு ரயிலில் புற்றுநோய்ச் சலுகை உண்டு, தூங்கும் வசதிப் பெட்டியில் நோயாளிக்குக் கட்டணமே கிடையாது, கூடப் போகிறவருக்கும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் சான்றிதழ் வாங்கினால் போதும். இதுகூடத் தெரியாமல் ஏற்காடு எக்ஸ்பிரஸுக்கு முழு டிக்கெட் எடுத்து அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிற குடும்பங்கள் இருக்கின்றன, இந்த மாதிரிச் செய்தியை அந்த அறைச் சுவரில் எழுதி ஒட்டலாம்.

மலைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று செய்ய வேண்டும். ஏற்காட்டில் இருந்து சேலத்துக்கு இறங்க 20 கொண்டை ஊசி வளைவு. இரைப்பை நெஞ்சுக்குள் இருக்கிற ஆள் அதில் பஸ்ஸில் இறங்கி வருவதென்றால் முதல் நாள் ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்திவிட்டு, முன் சீட்டு கிடைக்கிற வரை இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டு வர வேண்டும், எங்கள் காப்பித் தோட்டத்து அண்ணன் அப்படித்தான் வருகிறார். ஆகவே இரண்டு மாதத்துக்கு ஒரு தடவையாவது ஏற்காடு அரசு மருத்துவமனையிலேயே கூட்டம் வைத்தால், நாங்கள் கீழே இருந்து மேலே ஏறி வருகிறோம்.

நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் தறிக்கும் தோட்டத்துக்கும் லீவு போட வேண்டியதில்லை. நேரம் காலை பத்தரைக்கு மேல், அதற்குள் இரண்டாவது கிண்ணம் முடிந்திருக்கும். நாற்காலி மட்டும் முதுகு சாய்கிற மாதிரி போடச் சொல்லுங்கள், பெஞ்சு வேண்டாம். டீ, பிஸ்கட் செலவும் வேண்டாம், எங்கள் ஆட்களுக்கு பிஸ்கட் இறங்காது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு நெசவாளரின் மனைவி,
அம்மாப்பேட்டை, சேலம்.